ஃபைலில் 'பரம்பரை' என்று எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். இரத்த அழுத்தத்துக்கு முதல் மாத்திரையை எழுதித் தருகிறவர்கள் நீங்கள்தான். காய்ச்சல் என்று வருகிறவரின் கையிலும் பட்டையைச் சுற்றி, எண்ணைப் பார்த்து, "இன்னொரு தடவை பார்த்துவிடலாம்" என்று சொல்கிறவர்கள் நீங்கள். இதய நிபுணரும் சிறுநீரக நிபுணரும் வருவதெல்லாம் பின்னால்தான், பல நேரம் ரொம்பப் பின்னால். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு பிரஷர் இருப்பது 24 வயதில் தெரிந்தது. வேலையில் சேரும்போது செய்த பரிசோதனையில் 168க்கு 108. "வீட்டில் யாருக்காவது பிரஷர் உண்டா?" என்று கேட்டார் மருத்துவர். அப்பாவுக்கு இருந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே ஃபைலில் 'பரம்பரை' என்று எழுதினார். அடுத்த ஒன்பது வருடங்களில் நான்கு மருத்துவர்களிடம் போனேன். ஒரு மாத்திரை மூன்றானது. கர்ப்பமாக இருந்தபோது பிரஷர் எகிறியது. அதற்கும் அதே ஒரு சொல்தான் விளக்கமாக வந்தது. புதிதாக ஃபைலைத் திறந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைப் படித்தார்கள். காரணம் தெரிந்த நோய் என்று எடுத்துக்கொண்டு, மாத்திரையின் அளவை மட்டும் பார்த்தார்கள்.

அப்பா எந்த வயதில், எதனால் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தபோது வயது 38. சித்தப்பாவுக்கும் அதே முடிவு, 41 வயதில். அப்பாவின் அம்மா, தலை வலிக்கிறது என்று படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. இந்த மூன்று மரணங்களையும் வீட்டில் எல்லாரும் அறிவோம். ஆனால் 'பிரஷர் குடும்பம்' என்ற பேச்சுக்குள் அவையெல்லாம் அடங்கிப்போயிருந்தன. மருத்துவர் கேட்காததை நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அது முக்கியம் என்று எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வேன்?

33 வயதில் நான் பார்த்த ஐந்தாவது மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் போட்டு, "ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. படத்தை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காலையில் எடுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்: ஆல்டோஸ்டீரோன், ரெனின். உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டீரோன். அதைச் சுரக்கத் தூண்டுவது சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின். ஆல்டோஸ்டீரோன் ஏறியிருந்தது, ரெனின் கிட்டத்தட்ட இல்லை. ஆல்டோஸ்டீரோன் கூடினால் பொட்டாசியம் குறையும் என்று எதிர்பார்ப்பார்கள், எனக்கு அது சரியாகவே இருந்தது. அதனால்தான் ஒன்பது வருடமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலும். அடுத்து மரபணுப் பரிசோதனை. விடை கிடைத்தது.

அந்த விடையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நான் மருத்துவம் படித்தவளல்ல. என் உடம்பில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளத் தேடித்தேடிப் படித்தவள். நம் 8ஆம் குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் உருவாக ஒன்று உதவுகிறது, ஆல்டோஸ்டீரோன் உருவாக மற்றொன்று. இரண்டுக்கும் ஏறத்தாழ 95 சதவீதம் ஒரே எழுத்துவரிசை. இவ்வளவு ஒத்திருப்பதால், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகையில் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது, மிக அரிதாக, இடம் தவறி ஒட்டிக்கொள்கின்றன. முதல் மரபணுவின் தலையும் இரண்டாவதின் உடலும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. அது செய்வது ஆல்டோஸ்டீரோன். ஆனால் கீழ்ப்படிவது கார்ட்டிசோலுக்காக மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளைக்கு. உடம்பில் உப்பு போதுமான அளவு இருந்தாலும் அந்தக் கட்டளை நிற்பதில்லை. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு இதை 1992இல் கண்டுபிடித்தது.

தலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடுகிறது. பிட்யூட்டரியின் கட்டளையை அடக்கும் அளவுக்கு, மிகக் குறைந்த அளவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டால் போதும். இல்லையென்றால் ஆல்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும் மருந்து. நான் போட்டுக்கொண்டிருந்த மூன்று மாத்திரைகளும் போய் இப்போது ஒன்றுதான். 124க்கு 78 என்ற எண்ணை முதல் தடவை பார்த்தபோது எந்திரம் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

ஆனால் இதை எண்ணுக்காக எழுதவில்லை. இந்த மரபணுக் குறைபாடு உள்ள 27 குடும்பங்களை ஆராய்ந்து 1998இல் வெளியான ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் சொல்லப்பட்ட நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மூளை இரத்தக்குழாய் பாதிப்போ வந்திருந்தது. பெரும்பாலும் இரத்தக்கசிவு. வந்தபோது சராசரி வயது சுமார் 32. அந்தக் கட்டுரை வந்தபோது என் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

அவருடைய மருத்துவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய ஃபைலிலும் 'பரம்பரை' என்று எழுதப்பட்டிருந்தது. பழைய காகிதங்களுக்கு நடுவில் அதை நானே பார்த்தேன்.

என்னுடையது அரிய நோய் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். உங்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க இப்படி ஒருவரைப் பார்க்காமலே ஓய்வு பெறக்கூடும். அதனால் என் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல், 'பரம்பரை' என்ற அந்தச் சொல்லுக்குள் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் படித்ததுதான். தினமும் ஐம்பது பேரைப் பார்க்கும் அவசரத்தில் பின்னுக்குப் போய்விட்டதை ஒரு நோயாளியின் பக்கத்திலிருந்து நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மரபணு பழுதாகி இரத்த அழுத்தத்தை ஏற்றும் நோய்கள் சில உண்டு. அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் 1963இல் விவரித்த குடும்பத்தில் அண்ணன் தங்கைகளுக்குச் சிறு வயதிலேயே உயர் அழுத்தம், பொட்டாசியம் குறைவு. ஆல்டோஸ்டீரோன் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில் சோடியம் உள்ளே வருவதற்கு ஒரு வாயில் இருக்கிறது. வேலை முடிந்த வாயில்களைச் செல் உள்ளே இழுத்து அழித்துவிடும். லிடில் பார்த்த குடும்பத்தில், இழுப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி உடைந்திருந்தது என்பது 1994இல்தான் தெரிந்தது. வாயில்கள் குவிந்துகொண்டே போக, உப்பும் வந்துகொண்டே இருந்தது. இவர்களுக்கு ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பயனில்லை, அந்த வாயிலையே அடைக்கும் அமிலோரைடு கொடுத்தால் அழுத்தம் இறங்கிவிடும். வெளியில் பார்க்க என் நோயும் இதுவும் ஒன்றுபோலத்தான். மருந்து வேறு. லிடில் முதன்முதலில் விவரித்த குடும்பத்துப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து, 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அழுத்தம் சரியாகிவிட்டது. கோளாறு எங்கே இருந்தது என்பதை அந்த அறுவை சிகிச்சை காட்டிக்கொடுத்தது.

இந்த வரிசையில் இன்னும் சில உண்டு. கார்ட்டிசோல் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்துவிடாதபடி அடக்கிவைக்கும் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாமல்போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி அதிமதுரம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரஷர் ஏறுவதும் அதே நொதி தடைபடுவதால்தான். பொட்டாசியம் குறைவதற்குப் பதிலாகக் கூடி, உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் சாதாரண தயசைடு மாத்திரைக்கு அழகாக அடங்கும் கோர்டன் நோய் இருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் வந்து ஒட்டும் ஏற்பியே மாறிப்போய், கர்ப்பகால ஹார்மோனான புரொஜெஸ்டிரோனை ஆல்டோஸ்டீரோன் என்று எண்ணிக்கொள்ளும் ஒரு பிறழ்வை 2000இல் கண்டார்கள். அந்தப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் அழுத்தம் கடுமையாக ஏறும். ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் இன்னும் மோசமாகும். அட்ரினலின் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டிகளிலும் அதன் உறவுக் கட்டிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மரபணுப் பிறழ்வுதான் காரணம்.

விரல்களைப் பார்த்தே சந்தேகப்படக்கூடிய ஒன்றும் உண்டு. துருக்கியில் ஒரு பெரிய குடும்பத்தை 1973இல் விவரித்தார்கள். விரல்கள் குட்டையாக இருந்தவர்களுக்கெல்லாம் உயர் அழுத்தம். விரல்கள் சரியாக இருந்தவர்களுக்கு அது இல்லை. சிகிச்சை இல்லாதவர்கள் 50 வயதுக்குள் பக்கவாதத்தில் இறந்தார்கள். காரணமான மரபணு 2015இல்தான் பிடிபட்டது. நாற்பது வருடத் தேடல் அது. அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் கைகளையும் பிரஷரையும் சேர்த்துப் பார்த்தாரே, அவரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இந்த விரல் குடும்பத்தையும் கட்டிகளையும் தள்ளிவைத்தால், மற்ற எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: சிறுநீரகம் உப்பை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதில். அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் வளர்த்த எலிகளிலும் இதுதான் தெரிந்தது. உப்புக்கு அழுத்தம் ஏறும் எலி, ஏறாத எலி என்று இரண்டு வம்சங்களைப் பிரித்து வளர்த்தார். சிறுநீரகத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவைத்தபோது, அழுத்தம் சிறுநீரகத்தோடு கூடவே போனது. 1983இல் வெளியான ஓர் ஆய்வு மனிதர்களைப் பற்றியது. பல வருட உயர் அழுத்தத்தால் சிறுநீரகம் போன ஆறு பேருக்கு, அழுத்தம் இல்லாதவர்களின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் மருந்தே இல்லாமல் ஆறு பேருக்கும் அழுத்தம் இயல்பாக இருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பக்கம். சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள உதவும் மூன்று மரபணுக்களில் பழுது உள்ளவர்களை, அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கும் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் தேடினார்கள். 2008இல் முடிவு வந்தது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. மற்றவர்களைவிட அழுத்தம்தான் குறைவு, வயது ஏற ஏற அந்த வித்தியாசமும் கூடியது. அவர்கள் பிறவியிலேயே கொஞ்சம் தயசைடு மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி. குடும்பத்திலிருந்து வருவது எல்லாமே சாபம் என்று இல்லை. "எங்கள் வீட்டில் யாருக்குமே பிரஷர் வந்ததில்லை" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதுவும் ஒரு மருத்துவத் தகவல்தான்.

சரி, இதெல்லாம் அபூர்வமானவை. உங்களிடம் வரும் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒற்றைப் பழுது இருக்காது. அவர்களுடைய 'பரம்பரை' வேறு வகை.

ஐம்பதுகளில் இங்கிலாந்தில் இரண்டு பெரிய மருத்துவர்கள் இதைப் பற்றிக் கடுமையாக வாதாடினார்கள். உயர் இரத்த அழுத்தம் ஒரு தனி நோய், ஒரே மரபணுவால் வருவது, மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள் என்றார் ராபர்ட் பிளாட். இல்லை, உயரம்போல எல்லாருக்கும் கொஞ்சம் கூடக்குறைய இருப்பது அது, நோய் என்று நாம் போடும் கோடு நாம் போட்டதுதான் என்றார் ஜார்ஜ் பிக்கரிங். குடும்பம் குடும்பமாக அளந்து 1954இல் தன் கணக்குகளை வெளியிட்டார். பொதுவான உயர் அழுத்தத்தைப் பொறுத்தவரை பிக்கரிங் சொன்னதே சரி என்று ஆயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், அதுவரை தெரிந்தவற்றையும் சேர்த்து, அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் 901 ஆயின. 2024இல் இன்னொரு பெரிய ஆய்வு இரண்டாயிரத்துக்கும் அதிகமான குறிகளைக் காட்டியது. ஒவ்வொன்றும் ஏற்றும் அளவு பெரும்பாலும் ஒரு மி.மீ.கூட இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டி ஆளுக்கு ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்தால், அதில் மேலே உள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் கீழே உள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையே மேல் அளவில் சுமார் 17 மி.மீ. வித்தியாசம். சிறிய விஷயமில்லை அது.

அதே சமயம், இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரை அளந்து உருவாக்கப்பட்டவை. மற்றவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. எச்சிலை அனுப்பினால் உங்கள் பிரஷர் அபாயத்தைச் சொல்லிவிடுகிறோம் என்கிற விளம்பரங்களைப் பார்த்துவிட்டு வரும் நோயாளியிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மரபணுக்களை மட்டும் பார்த்து "உங்களுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது" என்று அச்சடித்துத் தரும் தாளை நம்பி அவர் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் அதைவிட அதிகம் தெரியும்.

உங்களிடம் மிக முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இரட்டையரையும் குடும்பங்களையும் ஆராய்ந்தவர்கள், இரத்த அழுத்தத்தில் மரபின் பங்கு 30 முதல் 50 சதவீதம் என்கிறார்கள். இந்த எண்ணைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பிரஷரில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தால் விளைகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தக் கூட்டம் முழுக்க அதிக உப்பு சாப்பிட்டால், கூட்டம் முழுவதற்குமே அழுத்தம் ஏறியிருக்கும். அது இந்தக் கணக்கில் வரவே வராது.

கென்யாவில் லுவோ மக்களை வைத்து நடந்த ஆய்வு இதை எனக்குத் தெளிவாக்கியது. கிராமத்திலிருந்து நைரோபிக்குக் குடிபெயர்ந்தவர்களை, ஊரிலேயே தங்கிவிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். இடம் மாறிய சில மாதங்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. சிறுநீரில் சோடியம் கூடியிருந்தது, பொட்டாசியம் குறைந்திருந்தது, எடை கூடியிருந்தது. மரபணு அதேதான், பேருந்து ஏறி நகரத்துக்கு வந்ததால் அது மாறிவிடாது. பிரேசிலின் யானோமாமி பழங்குடியினர் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வயது ஏறினாலும் அழுத்தம் ஏறுவதில்லை. அவர்களிலும் அழுத்தத்தை ஏற்றக்கூடிய மரபணு மாற்றங்களோடு பிறந்தவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மாற்றங்களுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை.

பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தகவல் சேமிப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மரபணு அபாயம் குறைந்தவர், நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். உடல் எடை, உணவு, உடற்பயிற்சி, புகை, மது இவற்றில் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று பிரிவிலுமே மேல் அளவு 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது. அபாயம் அதிகமாகப் பிறந்தவர்களுக்கும் அதே ஆதாயம். "பரம்பரையாச்சே, என்ன செய்து என்ன?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். ஆனால் அந்தப் பதில் உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டால் எடுபடாது.

ஏனென்றால் நீங்கள் எழுதும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் வேறு மாதிரிக் கேட்கிறது. நீங்கள் 'பரம்பரை' என்று எழுதும்போது ஒரு அபாயக் காரணியைக் குறித்துவைக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர், விதி என்று எடுத்துக்கொள்கிறார். என் சித்தப்பா அப்படித்தான் மாத்திரையை நிறுத்தினார். "அண்ணனுக்கு வந்தது எனக்கும் வரும், மாத்திரை அதைத் தடுக்குமா?" என்றார். இன்னொரு பக்கம், குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர் தனக்கு வராது என்று அளந்து பார்ப்பதே இல்லை. உலகில் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அந்தப் பாதியில் எத்தனை பேர் "எங்கள் பரம்பரையில் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது பெரிய காரியங்கள் எதுவும் இல்லை.

ஃபைலில் 'பரம்பரை' என்று எழுதுங்கள், தவறில்லை. பக்கத்தில் யார், எந்த வயதில், எதனால் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 70 வயதில் பிரஷர் வந்த அப்பாவும் 38 வயதில் மூளை இரத்தக்கசிவில் இறந்த அப்பாவும் ஒரே சொல்லுக்குள் அடங்கமாட்டார்கள். முப்பதைத் தாண்டாத ஒருவருக்கு அழுத்தம் ஏறினால், மூன்று மாத்திரைக்கும் அடங்காவிட்டால், பொட்டாசியம் காரணமில்லாமல் குறைந்தால், குடும்பத்தில் 40 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனை கேட்கவில்லை. யாருக்குக் கேட்கவேண்டும் என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வெள்ளைத்தாள் போதும்.

ஆல்டோஸ்டீரோனும் ரெனினும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். என்னுடைய மரபணுக் குறைபாடு அரிது. ஆனால் வேறு காரணங்களால் ஆல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறிச் சுரப்பது அரிதில்லை. உயர் அழுத்தம் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அதுதான் காரணம் என்று கணக்கிடுகிறார்கள். அட்ரினல் சுரப்பியின் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டி இருந்தால், அதை எடுத்துவிட்டாலே பலருக்குப் பெரும் நிவாரணம். அந்தக் கட்டிகளிலும் மரபணுக் கதை உண்டு: பொட்டாசியம் போகும் ஒரு வாயிலின் மரபணு, அந்தக் கட்டிக்குள் மட்டும், வாழ்நாளின் நடுவில் பழுதாகியிருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரிடமிருந்து வராத மரபணுக் கோளாறு அது! உயர் அழுத்தம் உறுதியான பெரியவர்கள் எல்லாருக்குமே இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் சொல்லியது. ஹார்மோன் நிபுணர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டியும் 2025இல் அதையே பரிந்துரைத்தது. ஆக, இது இனி நிபுணரின் அறைக்கு மட்டும் உரிய பரிசோதனை இல்லை. உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்பது வருடங்களில் நான் உங்கள் அறைகளில் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால், அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஒருவருக்கு இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தால், அவரோடு நிறுத்திவிடாதீர்கள். என் நோய் பிள்ளைக்குப் போக ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் விடை வந்த அன்றே ஐந்தாவது மருத்துவர் கேட்டது, "தங்கை எங்கே இருக்கிறார்?" என்றுதான். தங்கையைப் பரிசோதித்தோம், அவளுக்கும் இருந்தது. அவள் பிரஷரை அளந்ததே கிடையாது. மூளை இரத்தக்குழாய்களில் பலூன்போல் வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று இருவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளுக்கு அந்த மரபணு போகவில்லை. தங்கையின் மகனுக்குப் போயிருக்கிறது.

அவனுக்கு இப்போது 11 வயது. நன்றாக ஓடுகிறான், விளையாடுகிறான், அழுத்தம் இன்னும் ஏறவில்லை. அவனுடைய தாத்தாவுக்கும் அந்த வயதில் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று வயதிலிருந்தே குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் போன மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் பெரியவர்களுக்கான பட்டை மட்டும்தான் இருந்தது. அவனுடைய ஒல்லிக் கையில் அது இரண்டு சுற்று சுற்றி நின்றது. அகலமான பட்டை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் இப்போது தெரியும். அவன் இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வேறு பிள்ளைகளும் வருவார்கள், அவர்களுடைய வீட்டுக் கதை அவர்களுக்கே தெரியாமல். அவர்களுக்காக அந்தச் சின்னப் பட்டையை வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறையில் பல வருடங்கள் காத்திருந்த ஒரு நோயாளி